கடைவீதியில் வழிபாட்டுக் கூடம் வரக்கூடாதா?

கேள்வி: நகரின் நடுவிலுள்ள வணிகப் பகுதிகளில் புதிய வழிபாட்டுத் தலங்களுக்கு இடம் தரக்கூடாது என்று நில உபயோக விதி போடுவது நியாயமா? அமெரிக்காவில் சில ஊர்களில் அப்படி இருந்ததாமே, நமக்கும் அது தேவையா?

வேலூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கட்டட வரைபடம் போட்டு, அனுமதிக்கு விண்ணப்பித்துக் கொடுப்பது என் தொழில். உங்கள் கேள்விக்கு என் பதில்: நியாயமில்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று நான் சொல்லவில்லை.

மண்டித் தெருவும் லாங்கு பஜாரும் நேதாஜி மார்க்கெட்டும் விடியும் முன்பே விழித்துக்கொள்ளும் இடங்கள். மூட்டை இறக்குகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், தராசுக்குப் பின்னால் நாள் முழுவதும் நிற்கிறவர்கள் என்று அங்கே பிழைப்பவர்களுக்கு நடுவில் கிடைப்பது கால் மணி நேரம். அந்தக் கால் மணிக்குள் நடந்து போய்க் கும்பிட்டுவிட்டோ தொழுதுவிட்டோ திரும்ப வேண்டும். வழிபாட்டை ஊருக்கு வெளியே தள்ளினால், வண்டி வைத்திருப்பவருக்கு ஒரு குறையும் வராது. தலையில் சும்மாடு கட்டியவருக்குத்தான் அது இல்லாமல் போகும்.

ஐடா ஸ்கடர் சாலையையும் நினைத்துப் பாருங்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்கள் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். மகனை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே அனுப்பிவிட்டு, மொழி தெரியாத ஊரில், அக்கம்பக்கத்தில் சாமி கும்பிட இடம் எங்கே என்று சைகையால் கேட்கும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அது முழுக்க முழுக்கக் கடைகளும் விடுதிகளும் நிறைந்த வட்டாரம். அவர்களிடம் போய், இது வணிகப் பகுதி அம்மா, ஆட்டோ பிடித்து எட்டு கிலோமீட்டர் போங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இனி அமெரிக்காவுக்கு வருகிறேன். புளோரிடா மாநிலத்தில் சர்ஃப்சைடு என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே கடைகள் உள்ள பகுதியில் தேவாலயத்துக்கும் யூதர்களின் ஜெப ஆலயத்துக்கும் அனுமதி இல்லாமல் இருந்தது. தனியார் மனமகிழ் மன்றங்களுக்கோ அனுமதி இருந்தது. ஒரு வங்கியின் மாடியை வாடகைக்கு எடுத்து வழிபட்டுவந்த யூதக் குழுவுக்கு அதனால் சிக்கல் வந்தது. ஓய்வுநாளில் அவர்கள் வாகனத்தில் ஏறக்கூடாது, நடந்துதான் வர வேண்டும். முதியவர்களால் அதிக தூரம் நடக்க முடியாது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டமொன்று, மதம் சாராத கூட்டங்களைவிடத் தாழ்வாக வழிபாட்டுக் கூட்டங்களை நடத்தக்கூடாது என்கிறது. அதன்படி 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊர் நிர்வாகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

அரிசோனாவின் யூமா நகரில் கடைத்தெருவிலிருந்த ஒரு பழைய பெருங்கடைக் கட்டடத்தை ஒரு சபையினர் வாங்கினார்கள். தேவாலயத்திலிருந்து 300 அடிக்குள் புதிய மதுக்கூடம் வர முடியாது என்பது அப்போது அந்த மாநிலச் சட்டமாக இருந்தது. சபை வந்தால் அந்தத் தெருவின் இரவு வியாபாரம் படுத்துவிடும் என்று நகரம் அஞ்சி அனுமதியை மறுத்தது. 2011இல் அங்கேயும் சபைக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. எல்லா நீதிமன்றங்களும் ஒரே மாதிரி சொல்லிவிடவில்லை. சிகாகோவுக்கு அருகிலுள்ள ஹேசல் கிரெஸ்ட் என்ற ஊரின் வழக்கில், ரயில் நிலையத்தை ஒட்டிய இடத்தை வணிகத்துக்கென்று ஒதுக்கிவைத்தது செல்லும் என்று 2010இல் முடிவாயிற்று.

நம்மிடம் கதை வேறு. வணிக மண்டலம் என்பதற்காக இங்கே வழிபாட்டிடத்தைத் துரத்துவதில்லை. நம் மதுபானச் சில்லறை விற்பனை விதிகள் 2003இல் வந்தவை. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்திலிருந்து 50 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று அவை சொல்கின்றன. ஆனால் திட்டக் குழுமம் வணிகப் பகுதி என்று வகைப்படுத்திய இடத்துக்கு அந்தத் தூரம் பொருந்தாது என்றும் அதே விதியில் விலக்கு இருக்கிறது. யூமாவில் சபை வந்தால் மதுக்கூடம் வர முடியாதே என்று பயந்தார்கள். இங்கே வணிகப் பகுதி என்று எழுதிவிட்டால் கோவில் வாசலுக்கு எதிரிலேயே மதுக்கடை திறக்க வழியிருக்கிறது. நமக்கு ஒரு திருத்தம் தேவையென்றால் முதலில் இங்கேதான் தேவை.

நம் ஊரில் உண்மையான கதவு மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. பொது வழிபாட்டுக்காக ஒரு மனையைப் பயன்படுத்த ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். பொது அமைதிக்குப் பங்கம் வரும் என்று கருதினால் அவர் மறுக்கலாம். 1972ஆம் ஆண்டின் நகராட்சிக் கட்டட விதிகளிலும் 1997ஆம் ஆண்டின் ஊராட்சிக் கட்டட விதிகளிலும் இது இடம்பெற்றது. பங்கம் என்பதை எந்த அடிக்கோலால் அளப்பது? நாலு பேர் கையெழுத்திட்டு ஆட்சேபம் கொடுத்தால் அதுவே பங்கம் என்று ஆகிவிடுகிறது.

அளக்கக்கூடிய விதியை நான் மதிக்கிறேன். வேலூர்க் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்பதால் அதைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. வீடோ, கடையோ, வழிபாட்டிடமோ, எல்லாவற்றுக்கும் தூரம் ஒன்றுதான். நாடாவைப் பிடித்து அளந்தால் பதில் கிடைத்துவிடும். சத்தமும் அப்படியே: 2000ஆம் ஆண்டின் விதிப்படி வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபல், இரவில் 55. அரசியல் கூட்டத்துக்கும் அதே அளவு, திருவிழாவுக்கும் அதே அளவு.

தெருவை அடைத்துக் கட்டுவதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. என் அலுவலகத்துக்குப் போகும் வழியில் ஒரு வேப்பமரத்தடியில் முதலில் ஒரு படம் வைத்தார்கள். பிறகு மேடை, பிறகு தகரக் கூரை, பிறகு கம்பிக் கதவு. இன்று அந்த முனையில் ஆம்புலன்ஸ் திரும்ப முடியவில்லை. பொதுத் தெருவிலும் பூங்காவிலும் எந்த மதத்தின் பெயராலும் அனுமதியற்ற கட்டுமானம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பர் 29 அன்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதற்குப் பிறகு போடப்பட்டதுதான் அந்தக் கம்பிக் கதவு.

எட்டு ஆண்டுகளுக்கு முன் அறுபது பேர் கொண்ட ஒரு குழுவினர் என்னிடம் வந்தார்கள். எந்த மதம் என்பது இங்கே தேவையில்லை. கடைவீதியில் பம்புசெட் விற்கும் கடையின் மாடியை வழிபாட்டுக்காக வாடகைக்குப் பேசியிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். மூன்றடி அகலத்தில் ஒரே படிக்கட்டு. திருப்பத்தில் மின்மீட்டர் பலகை. அதன் மேல் சாய்த்துவைத்த பிளாஸ்டிக் குழாய்கள். 2004இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் வெந்து மடிந்ததற்குப் பிறகு, ஒற்றைப் படிக்கட்டைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும். இதற்கு வரைபடம் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர்களில் மூத்தவர் அமைதியாகக் கேட்டார்: "போன வருஷம் வரைக்கும் இதே மாடியில் எண்பது பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு நடந்தது. அப்போது யாரும் படிக்கட்டை அளக்கவில்லையே ஐயா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. படிக்கட்டைப் பற்றி நான் சொன்னது சரி, பாரபட்சத்தைப் பற்றி அவர் சொன்னதும் சரி. கூட்டம் கூடும் இடத்துக்கு எத்தனை வழி, எவ்வளவு அகலம், வண்டி நிறுத்த எவ்வளவு இடம் என்பதை எழுதிவைத்து, கல்யாண மண்டபத்துக்கும் பயிற்சி மையத்துக்கும் வழிபாட்டுக் கூடத்துக்கும் ஒரே நாடாவால் அளக்க வேண்டும் என்று அன்றிலிருந்து கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

கட்டட உரிமையாளரின் சம்மதத்தோடு, சொந்தப் பணத்தைப் போட்டு, பின்பக்கம் ஐந்தடி அகலத்தில் இரண்டாவது படிக்கட்டு கட்டினார்கள். வரைபடம் போட்டு விண்ணப்பித்தேன். கூட்டம் வரும், வியாபாரம் கெடும் என்று ஓர் ஆட்சேபம் வந்தது. கோப்பு பதினான்கு மாதம் மேசை மேசையாக நகர்ந்தது. வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல், அவர்கள் இடத்தைக் காலி செய்துவிட்டு ஊரின் ஓரத்தில் ஒரு கிடங்குக்குப் போய்விட்டார்கள். மார்க்கெட்டில் வேலை பார்த்த பாதிப் பேரால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை.

அந்த மாடியில் இப்போது ஒரு நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையம் நடக்கிறது. மாலை ஆறு மணிக்கு வகுப்பு முடிந்ததும், அவர்கள் கட்டிய பின்பக்கப் படிக்கட்டில்தான் பிள்ளைகள் இறங்கி வருகிறார்கள்.