அத்தாவின் தராசு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வட்டிக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் என்னோடு வேலை பார்த்த முஸ்லிம் நண்பர், நல்ல சம்பளத்தை உதறிவிட்டு டீக்கடை வைத்திருக்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள் வேறு. கேட்டால் “ஹலாலா இருக்கணும்” என்பதோடு சரி. இது நரகத்தின் மீதுள்ள பயம்தானா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் விடிவதற்கு முன் எழுந்து பால் காய்ச்ச பயம் மட்டும் போதாது.

என் அத்தா, அதாவது அப்பா, கம்பத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். அரிசி நிறுத்த பிறகு ஒரு பிடி அள்ளிக் கூடப் போடுவார். அளவில் மோசடி செய்கிறவர்களுக்குக் கேடுதான் என்று தொடங்கும் அத்தியாயமே குர்ஆனில் உண்டு, 83ஆவது. அத்தா அதையெல்லாம் எங்களுக்கு விளக்கியதில்லை. “குறைச்சு நிறுத்தா அந்தக் குறை நம்ம சோத்துலதான் வந்து விழும்” என்பார். அந்தச் சோற்றைத் தின்பது நாங்கள்.

நெடும்பயணத்தில் தலை கலைந்து புழுதி படிந்த ஒருவர் வானத்தை நோக்கிக் கையேந்துகிறார். உண்டது, உடுத்தியது எல்லாம் ஹராம், மார்க்கம் தடுத்த வழியில் வந்தவை. அவருடைய துஆ, அதாவது பிரார்த்தனை, எப்படி ஏற்கப்படும் என்று நபிகள் கேட்டதாக ‘ஸஹீஹ் முஸ்லிம்’ என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தகப்பனும் அப்படித்தானே கையேந்துவார்? வட்டிக் காசும் ஹராம்தான் என்பதால் உங்கள் நண்பருக்கு அந்தக் கவலை இருக்கலாம்.

அப்புறம் கூலி. நோயில் கிடந்த தோழர் சஅத் பின் அபீ வக்காஸிடம், அல்லாஹ்வுக்காகச் செய்யும் எந்தச் செலவுக்கும் நற்கூலி உண்டு, மனைவியின் வாயில் ஊட்டும் கவளத்துக்கும்கூட என்றார்கள் நபிகள். இது புகாரி என்ற இன்னொரு நபிமொழித் தொகுப்பில் வருவது. இதை நம்புகிறவருக்கு டீ ஆற்றுவதும் வணக்கம்தான்.

எல்லாரும் இப்படி என்று எண்ணிவிடாதீர்கள். பிரியாணிக் கறி ஹலாலா என்று நாலு தடவை விசாரித்துவிட்டு, அதை வாங்கிய காசைப் பற்றி மூச்சு விடாதவர்கள் எங்களிடமும் இருக்கிறார்கள்.

கொஞ்சம் வந்தாலும் நிறைந்து நிற்பதை பரக்கத் என்போம். அத்தா அடிக்கடி சொல்லும் வார்த்தை. அக்கா கல்யாணத்துக்கு வட்டியில்லாமல் வாங்கிய கைமாற்றை அடைக்க அவருக்கு ஒன்பது வருஷம் பிடித்தது. “ஒங்க பரக்கத்து ரேஷன் கடையில கெடைக்குதான்னு கேட்டுட்டு வாங்க” என்று அம்மா ஒருநாள் வெடித்தாள். அத்தா பதில் பேசாமல் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.