அறுபது வயது தாண்டிய பெற்றோருடன் நார்வே கடற்கரைக் கப்பல் பயணம்: எந்த மாதம், எந்தத் திசை, கரையில் எந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டலாம்?

நானும் மனைவியும் இந்த வழியில் போய் வந்திருக்கிறோம். அதற்குப் பிறகு உறவினர்கள் சிலருக்கும் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் கேட்ட மூன்றுக்குமே விடை கப்பலின் கால அட்டவணையில்தான் இருக்கிறது. விளம்பரப் படங்களை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் அந்த அட்டவணையைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் இது வழக்கமான சொகுசுக் கப்பல் இல்லை. 1893-ல் ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் ட்ரொண்ட்ஹெய்முக்கும் ஹாமர்ஃபெஸ்டுக்கும் இடையே தொடங்கிய கடலோரச் சேவை. இன்று ஹுர்டிகுரூட்டன், ஹவிலா என்ற இரண்டு நிறுவனங்கள் தென்மேற்கே பெர்கன் முதல் வடகிழக்குக் கோடியில் கிர்க்கனஸ் வரை 34 துறைமுகங்களைத் தொட்டு ஓட்டுகின்றன. சரக்கு ஏறும், இறங்கும். பக்கத்து ஊருக்குப் போகிறவர்களும் ஏறுவார்கள். பல துறைமுகங்களில் கால் மணி, அரை மணி நேரம்தான் நிற்கும், அதுவும் நடு இரவில். இறங்கும் வாசலருகே புறப்படும் நேரம் எழுதியிருக்கும். அந்த நேரத்துக்கு மேல் யாருக்காகவும் நிற்காது.

திசையைப் பற்றி: முழுச் சுற்று 12 நாள். வடக்கே போகும்போது இரவில் கடக்கிற ஊர்கள், திரும்பும்போது பகலில் வரும்படி நேரத்தை அமைத்திருக்கிறார்கள். கைக்கு எட்டுமானால் முழுச் சுற்றே போங்கள். ஒரு பக்கம்தான் முடியும் என்றால், முதல் முறை வருகிறவர்களுக்கு வடக்கு நோக்கிய 7 நாள் பயணத்தையே சொல்வேன். கோடையில் கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள், அதாவது மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல் பகுதிக்குள், போவது அந்தத் திசையில்தான். ட்ரொண்ட்ஹெய்ம், ட்ரோம்சோ இரண்டும் பகலில் கிடைக்கும். வடகோடிப் பாறை முனையான நார்த் கேப்புக்குப் போகவும் நேரம் இருக்கும். தெற்கு நோக்கிய பயணத்தில் நார்த் கேப்புக்கான துறைமுகமான ஹோனிங்ஸ்வோகை விடியற்காலையில் கடந்துவிடுவார்கள், ட்ரோம்சோவுக்கு நள்ளிரவை ஒட்டித்தான் வரும்.

ஆனால் தெற்குத் திசையில் ஒரு நாள் இருக்கிறது. என் மனதில் மொத்தப் பயணத்திலும் அதுதான் சிறந்த நாள். காலையில் ஹார்ஸ்டாட், பிறகு ஆழம் குறைந்த ரிசோய் கால்வாய், மதியம் ஸ்டோக்மார்க்னஸ், அதன்பின் மலைகள் இரு பக்கமும் நெருக்கி நிற்கும் ராஃப்ட்சுண்ட் நீரிணை. மாலையில் லோஃபோட்டன் தீவுகளின் ஸ்வோல்வார். நாங்கள் மார்ச்சில் போனதால் அங்கே காட் மீன் காயப் போட்டிருந்தார்கள். பாலம் தாண்டி ஸ்வின்யா பக்கம் நடந்தால் மரச்சட்டங்கள் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கின்றன. தலை நீக்கிய மீன்களை இரண்டிரண்டாக வால் பக்கம் கட்டிக் கம்பில் போட்டிருக்கிறார்கள். தலைகளைத் தனியாகக் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நம் கருவாடு மாதிரி உப்பு கிடையாது. பூஜ்யத்தை ஒட்டிய குளிரும் கடல் காற்றும் மட்டுமே அதை உலர்த்துகின்றன. கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தால் மேல்தோல் காகிதம் போல விறைத்திருக்கும், உள்ளே இன்னும் ஈரம்.

மாதம்: உங்கள் பெற்றோருக்கு ஜூன் நல்லது. சாலையில் பனிக்கட்டி இருக்காது, வழுக்கி விழும் பயம் இல்லை. வடக்கே சூரியன் மறையாது என்பதால் இரவில் கடக்கும் இடங்களும் கண்ணுக்குத் தெரியும். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: ஜூனில் வட துருவ ஒளி தெரியவே தெரியாது, வானம் இருட்டினால்தானே தெரியும். அப்பாவுக்கு அதுதான் ஆசை என்றால் செப்டம்பர் பிற்பகுதியைப் பாருங்கள். அப்போது கெய்ராங்கருக்குப் பதிலாக ஹியோருண்ட் ஃபியோர்டுக்குள் போவார்கள். அதுவும் குறைந்ததில்லை, கூட்டமும் குறைவு.

இனி கரைச் சுற்றுலா. நானாக இருந்தால் பணம் கட்டுவது இரண்டுக்குத்தான். ஒன்று நார்த் கேப். கப்பல் நிற்பது சுமார் மூன்றரை மணி நேரம். 307 மீட்டர் உயரப் பாறை முனை துறைமுகத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். கப்பலின் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், சொந்த ஏற்பாட்டில் போனால் அந்த உத்தரவாதம் இல்லை. இரண்டாவது, முழுச் சுற்று போனால், ஹார்ஸ்டாட்டில் இறங்கிப் பேருந்தில் வெஸ்டரோலன் தீவுகளைக் கடந்து சோர்ட்லாண்டில் மறுபடி ஏறுவது. இப்படி ஒரு துறைமுகத்தில் இறங்கி இன்னொன்றில் ஏறும் சுற்றுகளைத் தனியாகச் செய்யப் பார்க்காதீர்கள்.

மற்ற ஊர்களில் சுற்றுலாவுக்குக் காசு கட்ட வேண்டாம். ட்ரொண்ட்ஹெய்மில் நிடாரோஸ் பேராலயம் அரை மணி நடை, அம்மாவுக்குக் கால் வலித்தால் டாக்சி. ஒலெசுண்ட் 1904 தீவிபத்துக்குப் பின் ஒரே பாணியில் எழும்பிய ஊர், சும்மா தெருவில் நடந்தாலே போதும். ட்ரோம்சோவில் நகரப் பேருந்திலேயே பாலம் தாண்டி ரோப் காருக்குப் போய்விடலாம். பூடோவில் வேகமாகச் சுழன்று ஓடும் சால்ட்ஸ்ட்ரௌமன் நீரோட்டத்துக்கு அழைத்துப் போவார்கள். ஆனால் ஓதம் (கடல் ஏற்றவற்றம்) மாறும் நேரத்தில் போனால் சுழல் அடங்கியிருக்கும். அன்றைய ஓத நேரத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ட்ரோம்சோவைத் தாண்டியதும் வருகிற, நார்வேயின் வடகோடிப் பகுதியான பின்மார்க்கின் கரையைப் பலர் தூங்கிக் கழிக்கிறார்கள், எனக்கு அது வருத்தம். மரமே இல்லாத மலை, அடியில் சிறு மீன்பிடி ஊர்கள். அந்த ஊர்களின் மீன் ஆலைகளில் 1980-களிலிருந்து ஈழத் தமிழர் பலர் உழைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் மேல்தளத்தில் ஐந்து நிமிடம் நின்றாலே, அவர்கள் பட்டபாடு கொஞ்சம் புரியும்.

பயண வாந்தி வரும் என்றால் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள். கப்பல் பெரும்பாலும் தீவுகளின் மறைவில்தான் போகும். ஸ்டாட் முனை, வெஸ்ட் ஃபியோர்ட், வடகிழக்கே பாரன்ட்ஸ் கடலோரம் போன்ற சில இடங்களில்தான் திறந்த கடல், அங்கே ஆட்டம் இருக்கும். மாத்திரையை ஆட்டம் தொடங்குமுன் போட வேண்டும். சைவம் என்றால் முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஒஸ்லோவில் இறங்கி பெர்கனுக்கு ரயிலில் போங்கள். ஏழு மணி நேரம் ஆனாலும் ஹர்டாங்கர் பீடபூமியைக் கடக்கும் அழகான பாதை அது. கப்பல் ஏறும் நாளிலேயே பெர்கன் போய்ச் சேரும்படி டிக்கெட் போடாதீர்கள். ஒரு இரவாவது முன்னதாகப் போய்த் தங்குங்கள், விமானத்தில் பெட்டி தாமதமானாலும் வந்து சேர நேரம் இருக்கும்.