வண்டி இருக்கட்டும், டயரைப் பாருங்கள்

கேள்வி: 2021-இல் வாங்கிய கவாஸாகி நிஞ்ஜா 1000எஸ்எக்ஸ் வைத்திருக்கிறேன். 23,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மாதம் ஒருமுறை பெங்களூரு, நேரம் கிடைக்கும் ஞாயிறுகளில் ஏற்காடு. பின் டயரை 11,000-இல் மாற்றினேன், முன் டயர் வண்டியோடு வந்ததுதான். கொஞ்ச நாளாகக் கொண்டை ஊசி வளைவில் வண்டி முதலில் சாய மறுக்கிறது, அப்புறம் சட்டென்று விழுகிறது. நண்பர்கள் எல்லாம் புது வண்டிக்கு மாறிவிட்டார்கள். நானும் நிஞ்ஜாவின் புது மாடலான 1100எஸ்எக்ஸ் வாங்கிவிடலாமா?
(பெயர் வேண்டாம், அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: வேண்டாம். ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன டயர் விஷயம்தான் எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது. நெடுஞ்சாலையில் நேராகவே ஓடி ஓடிப் பின் டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகிவிடும், ஓரங்கள் மட்டும் அப்படியே நிற்கும். சாய்க்கும்போது அந்த விளிம்பில் ஏறும்வரை வண்டி முரண்டு பிடிக்கும், ஏறியதும் தொப்பென்று விழும். நீங்கள் சொல்வது அச்சு அசலாக இதுதான். முன் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 0821 என்றால் 2021-இன் எட்டாவது வாரம் செய்தது. அவ்வளவு பழைய ரப்பரோடு, 230 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை, எதிரே பஸ் இறங்கும் பாதையில், 20 கொண்டை ஊசி வளைவிலும் ஏற்றி இறக்குகிறீர்கள். இந்த ஞாயிறு மலைக்குப் போகாதீர்கள், தயவுசெய்து.

செயினையும் பாருங்கள். தளர்ந்திருந்தால் ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போது வளைவின் நடுவில் ஒரு வெட்டு வெட்டும். பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் சேரச் சேரச் சீக்கிரம் கொதிக்கும், ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை பிரேக்கிலேயே இறங்கினால் பாதி வழியில் லீவர் தொளதொளவென்று ஆகிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் உள்ள ஆயிலும் மாற்றாமல் அப்படியே கிடக்கிறது என்றே நினைக்கிறேன்.

சரி, புது வண்டிக்கு வருவோம். இன்ஜின் 1043 சிசியிலிருந்து 1099 ஆகியிருக்கிறது, ஆனால் பவர் குறைந்திருக்கிறது: உங்களுடையது 142 பிஎஸ், அது 136. டார்க், அதாவது இழுவைத் திறன், 111-இலிருந்து 113 நியூட்டன் மீட்டர், அதுவும் இன்ஜின் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும்போதே, கீழ் ஆர்பிஎம்மிலேயே கிடைக்கிறது. ஐந்தாவது, ஆறாவது கியரில் இன்ஜின் முன்பைவிட நிதானமாகச் சுற்றும், கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றுவது மெதுவாகப் போகும்போதும் நன்றாக வேலை செய்யும். நல்ல வண்டிதான், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் சக்கரம் வழுக்காமல் காக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல், ஏபிஎஸ், வேகத்தை ஒரே சீராக வைக்கும் க்ரூஸ் எல்லாம் உங்கள் வண்டியிலேயே இருக்கிறதே! 2024 கடைசியில் இங்கே வந்தபோது எக்ஸ்ஷோரூம் விலையே 13.49 லட்சம். அதற்குப் பிறகு, 2025 செப்டம்பர் 22 முதல், 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். முன்பு செஸ் சேர்த்தே 31தான். சாலை வரி, இன்சூரன்ஸ் தனி. உங்கள் பழைய வண்டிக்கு என்ன தருவார்கள் என்று கேட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கணக்குப் போடுங்கள், மனசு ஆறாது.

நண்பர்கள் மாறினார்கள் என்பதெல்லாம் ஒரு காரணமா? ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதையில் மொபெட்டில் குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், அங்கே யாரோடும் போட்டி போட வேண்டியதில்லை. மனைவியையும் இரண்டு பக்கப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மாதம் இரண்டாயிரம் கி.மீ. போகிறவர் என்றால் அந்தக் கீழ் ஆர்பிஎம் இழுவைக்காக மாறச் சொல்லியிருப்பேன். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

இரண்டு டயரையும் ஒரே மாடலில், ஒரே நாளில் மாற்றுங்கள். புது டயர் முதல் நூறு, நூற்றைம்பது கி.மீ. வழுக்கும், அதனால் கடையிலிருந்து நேரே மலைக்கு வண்டியைத் திருப்பாமல் பவானி வரை நிதானமாக ஒருமுறை போய் வாருங்கள். அதற்கு அடுத்த ஞாயிறு ஏற்காடு ஏறிவிட்டு, வளைவில் எப்படிச் சாய்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.