வலி இல்லை என்கிறாரா அம்மா?

கேள்வி: எனக்கு வயது 47. பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். இரண்டு வருடங்களுக்கு முன் கழுத்து வலிக்காகப் போன இடத்தில், கைகளை வைத்துச் சக்தி செலுத்திக் குணமாக்குவதாகச் சொல்லும் ஜப்பானிய முறையான ரெய்கி கற்றுக்கொண்டேன். இரண்டாம் நிலை முடித்துவிட்டேன். எங்கள் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி ஆசிரியையாகவும் இருக்கிறேன். விஷயம் தெரிந்ததும் பங்குத்தந்தை கூப்பிட்டு, “ரெய்கியை விடுங்கள், இல்லையென்றால் மறைக்கல்வியை விடுங்கள்” என்றார். இயேசுவும் கைகளை வைத்துத்தானே குணமாக்கினார்? நூற்றுவர் தலைவனின் பணியாளரைத் தூரத்திலிருந்தே குணப்படுத்தவில்லையா? ரெய்கியைத் தொடங்கிய உசுயியே கிறிஸ்தவப் பேராசிரியர் என்று எங்கள் மாஸ்டர் சொல்லியிருக்கிறார். பலனையும் பார்க்கிறேன். தூத்துக்குடி பக்கம் அண்ணன் வீட்டில் இருக்கும் 74 வயது அம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் புண். தினமும் இரவு ஒன்பது மணிக்கு அம்மாவின் போட்டோவைத் தலையணைமேல் வைத்துத் தூர ஹீலிங் அனுப்புகிறேன். நான்கு மாதமாகிறது. புண் இன்னும் ஆறவில்லை, அண்ணிதான் கட்டு மாற்றுகிறார். ஆனால் வலி சுத்தமாக இல்லை என்கிறார் அம்மா. வேலை, பிள்ளைகள் பரீட்சை என்று ஈஸ்டருக்குப் பிறகு ஊருக்குப் போக முடியவில்லை. பங்குத்தந்தைக்கு நான் எப்படிப் புரியவைப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்

பதில்: சகோதரி, பங்குத்தந்தை காத்திருக்கட்டும். அம்மாவின் காலை முதலில் பார்ப்போம்.

“வலி சுத்தமாக இல்லை.” ரெய்கிக்குச் சாட்சியாக இந்த வரியை எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடச் சர்க்கரை, உள்ளங்காலில் நான்கு மாதமாக ஆறாத புண், அதில் வலியே இல்லை என்றால், பெரும்பாலும் அங்கே நரம்பு உணர்ச்சி போய்விட்டது என்று அர்த்தம். அம்மா அப்படிச் சொன்னபோது நீங்கள் சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். பயந்திருக்க வேண்டும்.

வலித்தால் அம்மா நொண்டுவார், அந்தக் காலை ஊன்றாமல் உட்கார்ந்திருப்பார். வலிக்காததால் அடுப்படிக்கும் கொல்லைக்கும் கோயிலுக்கும் நடந்துகொண்டிருப்பார். அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் உடம்பின் பாரம் பெருவிரலுக்குக் கீழேதான் இறங்கும். பகலில் நசுங்கிய சதை இரவில் கொஞ்சம் கூடும், மறுநாள் காலையில் மறுபடி நசுங்கும். இதற்குமேல் சர்க்கரையும் ஏறியிருந்து, காலுக்கு ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால், எத்தனை கட்டு மாற்றினாலும் புண் ஆறாது. கிருமி எலும்புவரை இறங்கிவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும், சில நேரம் பாதத்தையே.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களில் ஒருவர் நம் மண்ணில் பிறந்த கிறிஸ்தவர். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்று ஊரே நம்பிய காலம். அவர் ஒவ்வொரு கையையும் காலையும் எடுத்து வைத்துப் பார்த்து, உணர்ச்சி இல்லாததால் தெரியாமல் படும் சூடும் வெட்டும் அழுத்தமும்தான் விரல்களைத் தின்கின்றன என்று காட்டினார். வலியைக் கடவுள் தந்த பாதுகாப்பு என்றே அவர் கருதினார். அந்தப் பாதுகாப்பு உங்கள் அம்மாவின் காலில் போய்விட்டது. அது போனதை நீங்கள் சென்னையில் உட்கார்ந்து குணமாகக் கணக்கெழுதுகிறீர்கள்.

இனி உங்கள் கேள்வி. உசுயி கிறிஸ்தவப் பேராசிரியர் என்பது ரெய்கியை ஹவாய்க்குக் கொண்டுபோன தக்காத்தா அம்மையார் வழியாகப் பரவிய கதை. அவர் வேலை பார்த்ததாகச் சொல்லப்படும் கியோட்டோவின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் அவர் பெயருக்குப் பதிவே இல்லை. அவர் கல்லறை டோக்கியோவில் ஒரு புத்தக் கோயிலில் இருக்கிறது. புத்த மதத்தவராக இருந்தது குற்றமில்லை. அவரைக் கிறிஸ்தவராக்கி உங்களிடம் விற்றதுதான் தவறு. மறைக்கல்வி நடத்துகிற நீங்கள் அதை ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை.

அமெரிக்க ஆயர்களின் கோட்பாட்டுக் குழு 2009 மார்ச்சில் ரெய்கியைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் வாதம் எளிது. திருச்சபை அறிந்த குணமாக்குதல் இரண்டு வகை: இறையருளால் வருவது, இயற்கையான மருத்துவத்தால் வருவது. அருளை மனிதர் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது, கேட்கத்தான் முடியும். மருத்துவம் என்றால் சோதித்துக் காட்ட வேண்டும். மாஸ்டர் தீட்சை கொடுத்துத் திறந்துவிடுகிற, குறியீடு வரைந்தால் வருகிற சக்தி இந்த இரண்டிலும் சேராது. அதனால் கத்தோலிக்க நிறுவனங்களும் திருச்சபையின் பெயரால் பணிபுரிகிறவர்களும் அதை ஊக்குவிக்கக் கூடாது என்று முடித்தார்கள். அது தமிழ்நாட்டு மறைமாவட்டங்களுக்கு எழுதிய சட்டமில்லை, உண்மைதான். ஆனால் உங்கள் பங்குத்தந்தை சொன்னதும் அதையேதான். மறைக்கல்வி வகுப்பில் நீங்கள் நிற்பது உங்கள் பெயரில் இல்லை, திருச்சபையின் பெயரில். அங்கே யார் நிற்கலாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவர் நற்கருணையை மறுக்கவில்லை, மேடையில் பெயர் சொல்லவில்லை, தனியாகக் கூப்பிட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார். அதைவிட மரியாதையாக எப்படி நடந்துகொள்வது?

நூற்றுவர் தலைவனைச் சாட்சிக்கு இழுத்தீர்களே, மத்தேயு 8-ஐ இன்னொரு முறை வாசியுங்கள். குறியீடு எதுவும் வரையாமல் ஒரு வார்த்தையால் குணமாக்கியவர் ஆண்டவர். அந்தப் படைத்தலைவனோ தன் வீட்டு வேலையாளுக்காக எழுந்து நடந்து வந்தான். நீங்கள் பெற்ற தாய்க்காக எழும்பூர்வரை போகவில்லை. அதே மத்தேயுவில் ஆண்டவர் பேதுருவின் மாமியாரின் கையைத் தொடுகிறார். நான்கு மாதமாக இரவு ஒன்பது மணிக்கு உங்கள் கைகள் தொட்டது தலையணை உறையை.

மாற்கு 7-ல் கொர்பான் பற்றி வருகிறதே, பிள்ளைகளுக்கு அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்? உனக்குச் சேர வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்ட இடம் அது. அம்மாவுக்குச் சேர வேண்டிய உங்கள் நேரத்தைத் தினமும் ஒரு போட்டோவுக்குக் கொடுத்துவிட்டு, கடமை முடிந்தது என்று தூங்கப் போயிருக்கிறீர்கள். எனக்கு ரெய்கியைவிட இதுதான் பெரிய தவறாகப் படுகிறது. பிள்ளைகளின் பரீட்சைக்கு அவர்கள் அப்பா இருக்கிறார், பக்கத்து வீடு இருக்கிறது. அம்மாவின் காலுக்கு நான்கு மாதமாக அண்ணி ஒருவர்தான்.

இன்றே அண்ணனுக்குப் போன் போடுங்கள். நீங்கள் வரும்வரை காத்திருக்காமல் நாளைக்கே அம்மாவை தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். கட்டு மாற்றிவிட்டு அனுப்பினால் போதாது. காலில் நாடித் துடிப்பு பார்க்க வேண்டும், நைலான் இழையால் உணர்ச்சி சோதிக்க வேண்டும், எலும்புக்கு எக்ஸ்ரே, மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி, இவ்வளவையும் வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, வாடை வந்தாலோ, கறுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ நாளைவரைகூட வேண்டாம். பாரம் இறங்காமல் காலுக்கு என்ன போடுவது என்பதை மருத்துவர் சொல்வார். எம்சிஆர் செருப்பு (சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) புண் ஆறிய பிறகு அடுத்த புண் வராமல் காக்கத்தான், திறந்த புண்ணோடு அதைப் போட்டு நடந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைக்கும் வழக்கம் வீட்டில் இருந்தால் இன்றோடு நிற்கட்டும். சூடு தெரியாத கால் வெந்துவிடும்.

நீங்கள் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். காலையில் இறங்கிப் போய், அம்மாவைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். புண் இல்லாத காலில் தொடங்கி, பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாக ஒன்றிரண்டு நொடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. பிறகு அடுத்த கால், புண்ணில் மட்டும் கை படாமல். தொடும்போதெல்லாம் வலதா இடதா என்று அம்மா சொல்ல வேண்டும். ஆறு விரல்களில் இரண்டைத் தவறவிட்டாலே உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம், மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். நன்றாக இருக்கிறது என்று தெரிந்த காலிலும் விரலிடுக்கு, குதிகால் எல்லாம் பாருங்கள். கைகளை வைத்துக் குணமாக்க ஆசைப்பட்டீர்கள் அல்லவா, அந்தக் கைகளுக்கு வேலை அங்கே இருக்கிறது.

செபமும் வேண்டும். அம்மாவின் பங்குச் சாமியாரிடம் நோயில்பூசுதல் கேளுங்கள். சாகும் தறுவாயில் ‘அவஸ்தை கொடுப்பது’ என்று நம் பாட்டிமார் பயந்த காலம் போய்விட்டது. முதுமையில் தளர்ந்தவருக்கும், பெரிய அறுவைக்குப் போகிறவருக்கும் கொடுக்கலாம், நிலைமை மோசமானால் மறுபடியும் கொடுக்கலாம். குருவானவர் தலையில் கைகளை வைத்து, நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுவார். யாக்கோபு 5-ல் எழுதியிருக்கும் செபமும் எண்ணெயும், அதோடு கைவைப்பும் உங்கள் திருச்சபையிலேயே இருக்க, காசு கொடுத்து வேறு கைவைப்பு கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். மருத்துவருக்கு உரிய மதிப்பைக் கொடுக்கச் சொல்லும் சீராக் 38-உம் உங்கள் விவிலியத்தில்தான் இருக்கிறது.

போனால் இரண்டு வாரம் இருங்கள். கட்டு மாற்றுவதை அண்ணியிடம் கற்றுக்கொண்டு, அவரை ஒரு வாரம் அவருடைய அம்மா வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். பங்குத்தந்தையைத் திரும்பி வந்த பிறகு பாருங்கள். ரெய்கி வகுப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு எந்த வகுப்பு என்று கேளுங்கள்.