குரோஷா லாம்ப் ஷேடு ஏன் தொய்ந்துபோகிறது?

கேள்வி: நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு எழுபது வயது. ஒருகாலத்தில் அவர் குரோஷா ஊசியைத் தொடாத நாளே கிடையாது. ரேடியோ உறை, டி.வி. உறை, டீப்பாய் விரிப்பு என்று வீடு முழுக்க அவர் கைவேலைதான். இப்போது பார்வை மங்கி, ஊசியை வைத்துவிட்டார். அவரிடம் கற்றுக்கொண்டதை வைத்து ஹாலில் தொங்கவிட ஒரு லாம்ப் ஷேடு பின்னினேன். உல்லன் நூல், இரும்புக் கம்பிச் சட்டம், விறைப்புக்கு மைதா கஞ்சி. மூன்றே மாதத்தில் தொய்ந்து பை மாதிரி ஆகிவிட்டது. கம்பி துருப்பிடித்து நூலெல்லாம் பழுப்புக் கறை. கரப்பான் வேறு வருகிறது. "கடையில் வாங்கினால் முடிந்தது, இதற்கு ஏன் இத்தனை பாடு?" என்கிறார் கணவர். நான் எங்கே தவறு செய்தேன்? பல்பு சூட்டில் நூல் பற்றிக்கொள்ளுமா? அம்மா பின்னிய பெரிய வெள்ளை வட்டம் ஒன்று பீரோவில் இருக்கிறது. அதை வெட்டி ஷேடு செய்யலாமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வெட்டாதீர்கள். குரோஷா வட்டம் நடுவில் ஒரு சின்ன வளையத்தில் தொடங்கி, சுற்றுச் சுற்றாக வெளியே வளர்வது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் கண்ணிகளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. நடுவில் கத்தரி வைத்தால் அந்த இடத்துக் கண்ணிகளுக்குப் பிடிமானம் போய்விடும். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் துவைக்கும்போது பிரியும். வெட்டாமலே அதை விளக்காக்க வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இப்போது தொய்வு. நூல் சரியில்லை, கஞ்சி போதவில்லை என்று நினைத்திருப்பீர்கள். அடுத்த முறை கஞ்சியை இன்னும் கெட்டியாகக் காய்ச்சினாலும் இதேதான் நடக்கும். உங்கள் ஊர் தேவனாம்பட்டினத்துக் கரையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்களே. மணலில் கிடக்கும்போது வலைக்கு உருவமே கிடையாது, வெறும் குவியல். அதே வலை தண்ணீரில் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. மேல்கயிற்றில் மிதவை இருக்கிறது, கீழ்க்கயிற்றில் ஈயம் இருக்கிறது, இரண்டும் இரு பக்கமும் இழுக்கின்றன. வலைக்கு யாரும் கஞ்சி போடுவதில்லை. லாம்ப் ஷேடுக்கும் அந்த மேல்கயிறும் கீழ் ஈயமும்தான் வேண்டும்.

உங்கள் சட்டத்தின் உயரம் எவ்வளவு, பின்னல் எவ்வளவு? நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் இரண்டையும் ஒரே அளவாக எடுத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. முதல் முறை எல்லாரும் செய்வது அதுதான். குரோஷா தன் எடையிலேயே நீளும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் நூல் தண்ணீரை இழுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறங்கும். அதனால் பின்னலை எப்போதும் சட்டத்தைவிடச் சிறிதாகப் பின்ன வேண்டும். உயரத்தில் பத்தில் ஒரு பங்கு குறையட்டும்: சட்டம் 20 செ.மீ. என்றால் பின்னல் 18 செ.மீ. கட்டும்போது கையால் இழுத்துப் பிடித்துத்தான் கட்ட முடியும் என்கிற நிலை வர வேண்டும். அப்படி இழுத்துக் கட்டிய பின்னலில் ஓட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி விரிந்து நிற்பதைப் பார்க்கும்போது, மெனக்கெட்டதற்குப் பலன் அங்கேயே தெரியும்.

நடுக்கம்பிகள் இல்லாமல் மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம் என்றும் செய்யலாம். எனக்குப் பிடித்தது இதுதான். கீழ்வளையம் கனமாக இருந்தால் அதுவே ஈயக்குண்டு வேலையைப் பார்த்துக்கொள்ளும். பாத்திரக்கடையில் பானை வைக்க எவர்சில்வரில் பிரிமணை விற்கிறார்களே, அதை வாங்கிக் கீழே கோத்துவிடுங்கள். கனத்துக்குக் கனம், துருவும் பிடிக்காது.

துரு என்றதும் உங்கள் இரும்புக் கம்பிக்கு வருகிறேன். கடலோரத்தில் பச்சை இரும்பை நூலோடு சேர்க்கவே கூடாது. காற்றில் உப்பு இருக்கிறது. அதற்கு மேல் நீங்கள் கஞ்சியை ஈரமாகத் தடவியிருக்கிறீர்கள், அது காய்வதற்குள்ளேயே துரு நூலில் இறங்கியிருக்கும். பெயின்ட் அடித்தால் போதாதா என்று கேட்பார்கள். சாதாரண பெயின்ட், ஊசி உரசி உரசிப் பெயர்ந்துவிடும். எவர்சில்வர், பித்தளை, மூங்கில், எம்பிராய்டரிக்குத் துணி மாட்டும் மர வளையம் இவற்றில் எதையாவது எடுங்கள். மரமும் மூங்கிலும் என்றால் வார்னிஷ் ஒரு கை அடித்து, நன்றாகக் காயவிட்ட பிறகு நூலைத் தொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்கு வர நேர்ந்தால், காந்தி வீதி சந்தையில் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பழைய விளக்குச் சட்டம் எதுவும் கண்ணில் பட்டால் விடாதீர்கள், ஆனால் காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள். காந்தம் கெட்டியாக ஒட்டினால் பெரும்பாலும் இரும்புதான்.

மைதாக் கஞ்சி வேண்டாம். அரிசிக் கஞ்சியும் வேண்டாம், சர்க்கரைப் பாகும் வேண்டாம். மூன்றும் பூச்சிக்குச் சாப்பாடு, மழைக்காலத்தில் பூசணத்துக்கும் சாப்பாடு. வெள்ளைப் பசையைச் சம அளவு தண்ணீரில் கரைத்துத் தடவுவார்கள். அது பரவாயில்லை. பலூனை ஊதி, வாசலின் தடவி, அதன்மேல் பின்னலைப் போர்த்திப் பசை பூசிக் காயவிட்டு, பலூனை உடைத்து எடுக்கிற உருண்டை விளக்குக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் அந்தப் பசையும் ஈரத்துக்கு இளகக்கூடியதுதான். மாசி, பங்குனி வெயிலில் செய்தால் கண்ணாடி மாதிரி காயும். அடைமழையில் செய்தால் வெளுத்துப்போய்ப் பிசுபிசுவென்று நிற்கும். இழுத்துக் கட்டிய ஷேடுக்குப் பசையே தேவையில்லை என்பது என் முடிவு. வேண்டுமென்றபோது கழற்றித் துவைக்கலாம், ஈசல் காலத்தில் இது பெரிய உபகாரம். மழை விட்ட சாயங்காலம் விளக்கைத் தேடி வந்து ஓட்டைகளில் சிக்கிய சிறகுகளைப் பசை போட்ட ஷேடிலிருந்து எடுத்துப் பாருங்கள், தெரியும்.

இனி நெருப்பு. நீங்கள் கேட்டது நியாயமான பயம். முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் பின்னிய முதல் ஷேடும் உல்லன் நூல்தான். உள்ளே 60 வாட் குண்டு பல்பு. ஒரு ராத்திரி பிளாஸ்டிக் கருகும் வாடை வந்து ஓடிப்போய் அணைத்தேன். பல்பைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நூல் உருகி, பளபளவென்று தகடாக இறுகியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். நம் கடைகளில் உல்லன் என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். ஆட்டு ரோமம் சட்டென்று பற்றாது, அக்ரிலிக் உருகிச் சொட்டும். பருத்தி உருகாது, ஆனால் தீ பட்டால் எரியும். ஆகவே சூட்டைக் குறைப்பதுதான் வழி. குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகவே போகிறது. அதே வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. கொடுத்துவிடும். எல்.இ.டி. மட்டுமே போடுங்கள். பல்புக்கும் நூலுக்கும் நடுவே எந்தப் பக்கமும் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி விடுங்கள். மேல்பக்கத்தை மூடிவிடாதீர்கள். எல்.இ.டி.யின் சூடு அடிப்பக்கத்தில் இருக்கிறது, அது வெளியேறாவிட்டால் பல்பின் ஆயுள் குறையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது உங்கள் ஊரும் எங்கள் ஊரும் எத்தனை ராத்திரி இருட்டில் கிடந்தன என்று உங்களுக்கே தெரியும். கரண்ட் இல்லாத நேரத்தில், அழகாக இருக்கிறதே என்று மெழுகுவத்தியையோ அகலையோ இதற்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

நூலுக்கு மெர்சரைஸ்டு பருத்தி வாங்குங்கள். பஞ்சு பறக்காது, சாதாரணப் பருத்தியைவிட உறுதி. நடுத்தர கனத்தில் 200 கிராம் வாங்கிவிடுங்கள், எல்லாக் கண்டும் ஒரே சாய எண்ணாக இருக்கட்டும். வெவ்வேறு தடவை சாயம் போட்ட இரண்டு லாட் என்றால் வெள்ளையிலேயே இரண்டு வெள்ளை இருக்கும். பகலில் தெரியாது, விளக்கைப் போட்டதும் கோடு போட்ட மாதிரி தெரியும். ஊசி 2.5 அல்லது 3 மி.மீ. சணல் கயிறு பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அதன் பிசிறு சீக்கிரம் தீப்பிடிக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை.

தொடக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், எல்லாரும் தடுமாறும் இடம் இது. சங்கிலி போட்டுப் பின்னலை முடித்துவிட்டு வளையத்தில் தைக்காதீர்கள். வளையத்தின் மேலேயே முதல் சுற்றைப் பின்னுங்கள். ஊசியில் ஒரு தொடக்கக் கண்ணியைப் போட்டு, நூலை வளையத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஊசியை வளையத்துக்குள் விட்டு நூலைக் கொக்கியில் மாட்டி முன்னால் இழுங்கள். பிறகு வளையத்துக்கு மேலே இன்னொரு முறை நூலை மாட்டி இரண்டு கண்ணியையும் சேர்த்து முடியுங்கள். அவ்வளவுதான், ஒரு சிங்கிள் குரோஷா வளையத்தைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்துவிடும். பக்கத்தில் அடுத்தது, அதற்கடுத்தது. பத்துப் போட்டதும் கட்டைவிரலால் நெருக்கித் தள்ளி, உலோகம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவும் கூடாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறவும் கூடாது. 25 செ.மீ. குறுக்களவு வளையத்தின் சுற்று ஏறக்குறைய 78 செ.மீ. உங்கள் கை ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டரைத் தையல் போடும் கை என்றால் 195 தையல் வரும். 195, மூன்றால் வகுபடும் எண். மூன்று மூன்றாகப் போகும் ஓட்டைப் பின்னலுக்கு அது அப்படியே பொருந்தும். உங்கள் கை எத்தனை என்பதற்கு, 10 செ.மீ. சதுரம் ஒன்றைப் பின்னி, நனைத்துக் காயவைத்து எண்ணிப் பாருங்கள். இந்தச் சதுரத்தைப் பின்னச் சோம்பல்பட்டு, முக்கால் ஷேடைப் பிரித்தவர்களை எனக்குத் தெரியும்.

டிசைனை மடியில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான்கு சுற்றுக்கு ஒருமுறை, இருட்டிய பிறகு எரியும் பல்புக்கு முன்னால் பிடித்துச் சுவரைப் பாருங்கள். பகலில் அழகாக இருக்கும் நெருக்கமான பூ, ராத்திரியில் வெறும் கருப்புத் திட்டாகத் தெரியும். பகலில் ஒன்றுமில்லாதது போல இருக்கும் சதுர ஓட்டை, சுவர் முழுக்க ஜன்னல்களாக விரியும். இழை விளக்கு மாதிரி உள்ளே கோடு தெரிகிற கண்ணாடி எல்.இ.டி. போட்டால் நிழல் கூர்மையாக விழும். பால் நிறப் பல்பு போட்டால் நிழல் கரைந்து, வெளிச்சம் மட்டும் மெத்தென்று பரவும். உங்கள் அம்மாவுக்குப் பார்வை மங்கல் என்றீர்களே, அவர் உட்காரும் இடத்துக்குப் பால் நிறமே நல்லது. நிழலும் வெளிச்சமும் மாறி மாறி விழும் தரையில் நடப்பது அவருக்குச் சிரமம். பல்பு அட்டையில் 2700 அல்லது 3000 கே என்று போட்டிருப்பது மஞ்சள் சாய்ந்த வெளிச்சம். 6500 என்றால் வெள்ளை வெளேரென்று இருக்கும், நூலின் நிறமே செத்துப்போகும்.

இப்போது அம்மாவின் வட்டம். நடுவில் தொடக்க வளையம் இருக்கும், சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு. விளக்கு ஒயர் நுழைய அது போதும். எலெக்ட்ரீஷியனிடம் மெயினை அணைத்து ஹோல்டரைக் கழற்றச் சொல்லி, ஒயரை அந்த நடுத்துளை வழியாக விட்டுத் திரும்ப ஹோல்டரை மாட்டச் சொல்லுங்கள். குறுக்குக் கம்பியுள்ள ஒரு பித்தளை வளையம் ஹோல்டரில் நிற்கட்டும், வட்டம் அதன்மேல் குடை மாதிரி விரிந்து ஓரம் தானாகத் தழைந்து விழும். ஒரு கண்ணியைக்கூடத் தொட வேண்டியதில்லை. துளை சிறிதென்றால் விரலால் பெரிதாக்காதீர்கள், மெல்லிய ஒயரை மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தக் கனத்தையும் சீலிங் கொக்கி தாங்க வேண்டும், ஒயர் தாங்கக் கூடாது.

மாட்டும் முன் ஓரத்தில் ஒரு கண்ணியை மெல்ல இழுத்துப் பாருங்கள். சட்டென்று அறுந்தால் நூல் நைந்துவிட்டது. அப்போது அடியில் மெல்லிய வெள்ளை நெட் துணி வைத்து அங்கங்கே தைத்துவிடுங்கள், பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். மஞ்சளாகியிருந்தால் மென்மையான சோப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறட்டும். ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம், பழைய பருத்தியை அது தின்றுவிடும். உங்கள் புது ஷேடிலிருக்கும் துருக் கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் காட்டி, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். கறை போய்விடும், சாறு தங்கிவிட்டால் நூல் இற்றுப்போகும்.

கணவர் கேட்டதற்கும் ஒரு வார்த்தை. துணியை நெய்ய மிஷின் உண்டு, ஸ்வெட்டர் பின்னவும் மிஷின் உண்டு. குரோஷாவுக்கு இன்றுவரை கைதான். கடையில் குரோஷா ஷேடு தொங்கினால் அதையும் எங்கோ ஒரு பெண் உட்கார்ந்து கண்ணி கண்ணியாகத்தான் போட்டிருக்கிறாள். ஆந்திராவில் நர்சாபூர் பக்கம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் குரோஷா லேசுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வேலை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இதை அவரிடம் அமைதியாகச் சொல்லுங்கள், கேட்பார்.

அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே பின்னுங்கள். பார்வை மங்கினாலும் விரலுக்குத் தையல் தெரியும். சுற்று முடிந்ததும் அவர் கையில் கொடுங்கள். எங்கே ஒரு கண்ணி விட்டுப்போனது என்று தடவியே சொல்லிவிடுவார். வளையம் வாங்கப் போகும் முன் உங்கள் ஹோல்டர் பின் வகையா திருகு வகையா என்று பார்த்துக்கொண்டு போங்கள், நடு ஓட்டையின் அளவு இரண்டுக்கும் வேறு.