கம்ப்யூட்டர் கேள்வி–பதில்: ஃபார்மட் செய்வதற்கு முன்

கே: வீட்டு கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்தால் பத்து நிமிடம் எதுவும் அசைவதில்லை. ஃபார்மட் செய்யலாமா?
– ஒரு வாசகர், வள்ளியூர்

ப: அவசரப்படாதீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? ரேம் போதாதபோது விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கில் எழுதி எழுதிச் சமாளிக்கிறது. சுழலும் டிஸ்க்குக்கு அந்த வேகம் கிடையாது. ஃபார்மட் செய்தாலும் கொஞ்ச நாளில் பழைய கதைதான்.

240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்; சாட்டா என்பது அதன் இணைப்பு வகை) வாங்கி விண்டோஸை அதில் போடுங்கள். பழைய டிஸ்க் படங்களுக்கு இருக்கட்டும். ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். ஒன்றுக்குத்தான் காசு என்றால், என் ஓட்டு எஸ்எஸ்டிக்கே. செலவில்லாத வேலை: அதே டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில், ஆன் செய்ததும் தானாகத் திறக்கும் புரோகிராம்களில் தேவையற்றவற்றை டிசேபிள் செய்வது.

ஆடிக் காற்றில் உங்கள் பக்கம் கரன்ட் போய் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்திருந்தால், ஃபைல் அமைப்பும் குழம்பியிருக்கலாம். சி டிரைவ் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக். டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் கேட்டால், அது டிஸ்க்கே பழுதாகும் அறிகுறியாக இருக்கலாம்; இதெல்லாம் வேண்டாம். முதலில் படங்களை வேறிடத்தில் நகலெடுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எஸ்எஸ்டி போடும்போதே உங்கள் பிராசஸர் விண்டோஸ் 11க்குத் தகுதியானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.