ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோர் ஹாலோவீனை எப்படிப் பார்க்கிறார்கள்? நாளடைவில் மனம் மாறுகிறார்களா?

அக்டோபர் 31 மாலை பிள்ளைகள் வேடம் போட்டு, வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும் பண்டிகைதான் ஹாலோவீன்; வீட்டு வாசல்களில் பேய், எலும்புக்கூடு என்று அலங்காரம் இருக்கும். என் கணவர் எத்தியோப்பியர், அடிஸ் அபாபாவில் பிறந்து வளர்ந்தவர். நான் தூத்துக்குடி மாவட்டத்துக்காரி. இரண்டு பிள்ளைகளோடு மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்கில் குடியிருக்கிறோம். ஆகவே ஒரே ஒரு வீட்டை வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடியும். எங்கள் வீட்டில் என் கணவரின் மனம் மாறியது. ஆனால், "பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், வெறும் விளையாட்டுத்தானே" என்று பள்ளி ஆசிரியையும் அக்கம்பக்கத்தாரும் நானும் எடுத்துச் சொன்னதால் மாறவில்லை. அந்தப் பேச்செல்லாம் அவருடைய பிடிவாதத்தை வளர்க்கத்தான் உதவியது.

ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருப்பதால் பொதுவாகப் பேசுவது ஆபத்து. என்னுடன் வேலை செய்யும் நைஜீரியப் பெண் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர். அன்றிரவு அவருடைய சபையின் வாகன நிறுத்தத்தில் கார்களின் பின்கதவைத் திறந்து வைத்து மிட்டாய் கொடுப்பார்கள். பிள்ளைகள் தாவீது, எஸ்தர் என்று விவிலிய வேடங்களில் வருவார்கள். 'ஹாலோவீன்' என்ற பெயரை மட்டும் அங்கே சொல்லக் கூடாது. எங்கள் தெருவில் இருக்கும் சோமாலியக் குடும்பம் அன்று திரையை இழுத்துவிட்டு அமைதியாக இருக்கும். கானாவின் வின்னெபாவிலிருந்து வந்த நண்பருக்கோ இதெல்லாம் போதவே போதாது. அவருடைய ஊரில் ஜனவரி 1 அன்று முகமூடியும் பலவண்ண உடையும் அணிந்து, பித்தளை வாத்தியக் குழுவோடு தெருவெல்லாம் ஆடுவார்களாம். "நீங்கள் வேடம் போட்டுக்கொண்டு வெறுமனே நடக்கிறீர்கள்" என்று அமெரிக்கர்களைக் கேலி செய்வார்.

என் கணவர் வெளியில் சொன்ன காரணம் மதம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் வளர்ந்தவர் அவர். பிசாசு வேடம் கட்டுவது பிசாசை வாசலுக்கு அழைப்பதற்குச் சமம் என்று கேட்டு வளர்ந்திருக்கிறார். மதம் என்று சொல்லிவிட்டால் அமெரிக்காவில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். உண்மையில் அவரை வதைத்தவை எலும்புக்கூடுகள்.

1974 இல் பேரரசர் ஹைலி செலாசியை வீழ்த்தி ஆட்சியைப் பிடித்த இராணுவக் குழுவின் பெயர் தெர்க். மெங்கிஸ்டு ஹைலி மரியம் தலைமையில் அது 1977, 1978 ஆண்டுகளில் நடத்திய படுகொலைகளைச் 'சிவப்புப் பயங்கரம்' என்கிறார்கள். இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டு, உடல்களைத் தெருவிலேயே போட்டார்கள். உடலைக் கேட்டு வந்த குடும்பங்களிடம் சுட்ட குண்டுக்குக் காசு வாங்கினார்கள். என் மாமியாரின் தம்பி அப்படிப் போனவர், மாணவர். என் கணவர் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனாலும் அந்த மாமாவின் புகைப்படத்துக்குக் கீழேதான் அவர் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தார். அடிஸ் அபாபாவின் மெஸ்கெல் சதுக்கத்தருகே 2010 இல் ஒரு நினைவு அருங்காட்சியகம் திறந்தார்கள். புதைகுழிகளிலிருந்து எடுத்த மண்டையோடுகளும் எலும்புகளும் அங்கே கண்ணாடி அலமாரிகளில் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வந்த மனிதர், இங்கே அக்டோபர் முழுவதும் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் வழியில் என்னவெல்லாம் தாண்ட வேண்டியிருந்தது தெரியுமா? புல்தரையில் பிளாஸ்டிக் கை ஒன்று மண்ணைக் கிழித்துக்கொண்டு நீட்டியிருக்கும். மரக்கிளையில் சிவப்புச் சாயம் பூசிய துணிப் பிணம் தொங்கும். "இவர்கள் வீட்டில் யாருமே இப்படிச் சாகவில்லை போலிருக்கிறது" என்றார் ஒரு நாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பேன்.

பூசணிக்காய் விவகாரம் வேறு. எத்தியோப்பியர்களுக்குப் பூசணி விரத நாள் சாப்பாடு. பெர்பெரே மிளகாய்ப்பொடி போட்டு 'துபா வொத்' என்று குழம்பு வைத்து, இன்ஜெரா என்ற புளித்த மாவு தோசையோடு சாப்பிடுவார்கள். நல்ல காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, வாசலில் அழுகவிடுவதை அவரால் பார்க்கவே முடியவில்லை. ஒரு முறை பக்கத்து வீட்டார் தூக்கியெறிய இருந்ததைக் கேட்டு வாங்கி வந்து குழம்பே வைத்துவிட்டார். வெட்டுவதற்கென்று வளர்க்கும் அந்த ரகம் நாரும் தண்ணீருமாக இருக்கும். பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் கஷ்டப்பட்டுத்தான் விழுங்கினார். அதன்பிறகு அந்தக் காய்க்காக அவர் வருத்தப்பட்டதில்லை.

எனக்கு இந்தப் பண்டிகையில் தயக்கம் எதுவும் இருந்ததில்லை. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோவில் தசராவைப் பார்த்து வளர்ந்தவள் நான். காளி, எமன், குரங்கு என்று விதவிதமாக வேடம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை கேட்டு வருவார்கள். காளி வாசலில் வந்து நின்றால் எங்கள் அம்மா கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுக் காசு எடுக்க ஓடுவார். இதை அவருக்கு விளக்கினேன். "அது நேர்த்திக்கடன். இங்கே இவர்கள் எதற்காக நேர்ந்துகொண்டார்கள்?" என்று கேட்டார். என் வாதம் அதோடு முடிந்தது.

காரியத்தைச் சாதித்தவர் என் மாமியார். ஓர் இலையுதிர் காலத்தில் எங்களோடு வந்து தங்கியிருந்தார். இங்குள்ள வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு குறிப்பு: அக்டோபர் 31 மாலை வாசல் விளக்கு எரிந்தால் 'வரலாம்' என்று பொருள். அணைத்திருந்தால் பிள்ளைகள் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். நாங்கள் எப்போதும் அணைத்து வைக்கிற வீடு. அன்று இருட்டிவிட்டதே, மகன் வேலையிலிருந்து திரும்ப வேண்டுமே என்று அத்தை விளக்கைப் போட்டுவிட்டார். சிறிது நேரத்தில் ஒரு கூட்டம் கதவைத் தட்டியது. நான் சமையலறையில் கிடைத்த பிஸ்கட் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு ஓடினேன்.

அத்தை பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கதவைச் சாத்தியதும், "ஏன் யாரும் பாடவில்லை?" என்று கேட்டார்.

"இங்கே பாட மாட்டார்கள், அத்தை."

"பாடாமலா கொடுத்தாய்? வாழ்த்தக்கூட இல்லையே!"

எத்தியோப்பியாவில் ஆகஸ்ட் 19 அன்று 'புஹே' என்றொரு பண்டிகை உண்டு. இயேசு மலைமேல் உருமாறிய நாள். மழைக்காலம் முடியப்போகிற சமயம். சிறுவர்கள் கூட்டமாகக் கையில் கழியோடு வீடு வீடாகப் போவார்கள். ஒருவன் முன்பாட்டுப் பாட, மற்றவர்கள் 'ஹோ' என்று பின்பாட்டு எடுத்து, கழியால் தரையைத் தட்டுவார்கள். 'ஹோயா ஹோயே' என்பது அந்தப் பாட்டின் பெயர். முதலில் வீட்டுக்காரரைப் புகழ்வார்கள், பிறகு கேலி செய்வார்கள், கொடுக்கும் வரை விடமாட்டார்கள். கொடுத்ததும் அந்த வீட்டை வாழ்த்திப் பாடிவிட்டுத்தான் நகர்வார்கள். கொடுப்பது 'முல்முல்' என்ற சிறு ரொட்டி. நகரங்களில் இப்போது காசு. இரவில் தீப்பந்தம் ஏற்றுவதும் சாட்டையைச் சொடுக்குவதும் உண்டு. மூன்று வாரம் கழித்து அவர்களுடைய புத்தாண்டு வரும்போது சிறுமிகள் இதேபோல மஞ்சள் பூக்களோடு பாடிக்கொண்டு வருவார்கள்.

இத்தனை வருடங்களில் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை என் கணவர். அவர் வேலையிலிருந்து வந்ததும் அத்தை பிள்ளைகள் முன்னிலையில் போட்டு உடைத்துவிட்டார். தெருவிலேயே முன்பாட்டுக்காரன் இவர்தானாம். ரொட்டி நன்றாக இருந்த வீட்டுக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இரண்டாம் முறையும் போய், அந்த வீட்டம்மாளிடம் மாட்டிக்கொண்டவராம். "பிச்சை எடுக்க என் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன்" என்று வருடாவருடம் முழங்கிய மனிதர் காது சிவக்க நின்றதை என் மகள் இன்றுவரை மறக்கவில்லை. அதற்குள் அடுத்த கூட்டம் கதவைத் தட்டியது. இந்த முறை அவரே போய்த் திறந்தார்.

அதன்பிறகு அவர் ஹாலோவீனைப் பற்றிப் படித்த வேகத்தைப் பார்க்க வேண்டும். எதையாவது ஒப்புக்கொள்வதென்றால் முதலில் அதற்கு வரலாறு வேண்டும் அவருக்கு. அயர்லாந்தின் பழைய சாவ்யின் விழா, நவம்பர் 1 அன்று வரும் சகல புனிதர் திருநாள், 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கப்பலேறிய ஐரிஷ் மக்கள், ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் இங்கே பூசணிக்கு மாறியது என்று எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் ஒப்பித்தார். அவரைத் தொட்டது இடைக்கால இங்கிலாந்தின் ஒரு வழக்கம். இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லி வரும் ஏழைகளுக்கும் பிள்ளைகளுக்கும் வாசலில் சிறு ரொட்டி கொடுப்பார்களாம். எத்தியோப்பியரும் இறந்தவரின் நாற்பதாம் நாளில் 'தெஸ்கார்' என்று ஊரைக் கூட்டி, ஏழைகளுக்குச் சோறிடுகிறவர்கள்தான். "ஆக, நடுவில் யாரோ பிரார்த்தனையை மட்டும் எடுத்துவிட்டார்கள்" என்றார். இது அவருடைய கணிப்பு. வரலாற்றாசிரியர்கள் இவ்வளவு எளிதாக விட்டுவிட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் முறையாக வேடம் போட்டு அனுப்ப ஒப்புக்கொண்டபோது மகனுக்கு உடையைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே: அபேபே பிகிலா. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றவர். பனியனில் 11 என்று எழுதித் தைத்தோம். மேரிலாந்தின் அக்டோபர் குளிரில் வெறுங்கால் முடியாது என்று நான் மறுத்ததால், கால் நிறத்திலேயே காலுறை தேடி வாங்கினார். அன்று தெருவில் ஒரு வீட்டையும் அவர் சும்மா விடவில்லை. முசோலினியின் இத்தாலியப் படை எத்தியோப்பியாவின் பழைய நகரமான அக்சுமிலிருந்து பெயர்த்துக்கொண்டுபோன கல்தூண் ரோமில் அந்த ஓட்டப் பாதையோரம் நின்றதையும், அதை 2005 இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதையும் ஒவ்வொரு வாசலிலும் முழுதாகச் சொல்லி முடித்த பிறகே மகன் மிட்டாயை எடுக்கலாம். பின்னால் ஸ்பைடர்மேன்களும் இளவரசிகளும் வரிசையில் காத்திருந்தார்கள்.

இப்போது எங்கள் வாசல்தான் அந்தத் தெருவில் கூட்டம் கூடும் வாசல். முல்முல் சுட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் ஆலையில் உறையிட்டு வராத எதையும் இங்குள்ள பெற்றோர்கள் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று சொல்லிப் புரியவைக்கப் பெரும்பாடு பட்டேன். ஆகவே பிள்ளைகளுக்குக் கடை மிட்டாய். ரொட்டி, தெரிந்த பெரியவர்களுக்கு. குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கும் பெற்றோருக்கு வாசலிலேயே அடுப்பு வைத்து, காப்பிக் கொட்டையை வறுத்து, ஜெபெனா என்ற மண் கூஜாவில் காய்ச்சிச் சிறு கோப்பைகளில் ஊற்றுகிறார், கூடவே சோளப்பொரி. காப்பி என்றால் சாம்பிராணி போட்டே ஆக வேண்டும். அந்தப் புகையைப் பார்த்துவிட்டு, "உங்கள் வீட்டுப் பேய் அலங்காரம்தான் தெருவிலேயே சிறந்தது" என்று ஒரு சிறுவன் பாராட்டிவிட்டுப் போனான். அவருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை.

மாறாதவையும் உண்டு. எலும்புக்கூடு, இரத்தம், கல்லறைக் கல் எதுவும் எங்கள் வாசலில் வராது. மகள் ஒரு முறை எலும்புக்கூடு உடை கேட்டாள். அன்று அவளிடம் அந்த மாமாவின் புகைப்படத்தைக் காட்டிப் பேசினார். பிறகு அவள் கேட்கவில்லை. புதன், வெள்ளி விரதமும் அப்படியே. இறைச்சி, பால், முட்டை கூடாது. 2025 இல் அக்டோபர் 31 வெள்ளிக்கிழமை. போதாக்குறைக்கு எத்தியோப்பிய நாள்காட்டியில் அன்று தெகெம்த் மாதம் 21; மாதந்தோறும் 21 மரியாளுக்கு உரிய நாள். ஏழு வயதுக்கு மேல் விரதம் என்பதால் மகளுக்குப் பால் சாக்லேட் கிடையாது, தம்பிக்கு உண்டு. வீடே இரண்டுபட்டது. கடைசியில் அவளிடம் இருந்த சாக்லேட்டை எல்லாம் சனிக்கிழமை காலை வரை அலமாரியில் பூட்டி வைத்தோம். தம்பியின் ஸ்கிட்டில்ஸ் என்ற பழச்சுவை மிட்டாய்ப் பொட்டலங்களை அன்றிரவே அவளுக்கு மாற்றிக் கொடுத்தோம். அதில் பால் இல்லை.

கேள்வி கேட்டவர், தம் மகளின் கென்யத் தோழியை அன்று தங்களோடு கூட்டிப்போகலாமா, அவளுடைய பெற்றோர் தவறாக நினைப்பார்களா என்றும் கேட்டிருந்தார். பிள்ளையிடம் கேட்காதீர்கள், பெற்றோரிடம் கேளுங்கள். மறுத்தால் காரணம் விசாரிக்க வேண்டாம். அதற்குப் பதிலாக, அன்று மாலை உங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்து மிட்டாய் கொடுக்க உதவ முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையை அந்நியர் வாசலுக்கு அனுப்ப யோசிக்கிறவர்கள்கூட, வந்த பிள்ளைகளின் கையில் எதையாவது கொடுக்க அவ்வளவாக யோசிப்பதில்லை. காப்பியும் போட்டு வையுங்கள். பால் ஊற்றுவதற்கு முன், அன்று விரதமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.